சங்கிலி பிடித்தவரின் சட்டம்: றோஜர் ஷேர்மன் பற்றி வாசகர் கேள்விகள்

கடந்த இதழில், அமெரிக்கக் குடியரசு உருவானபோது எழுந்த நான்கு அடிப்படை ஆவணங்களிலும் கையொப்பமிட்டவர் ஒரேயொருவர்தான் என்றும், அவர் சப்பாத்துத் தைத்துப் பிழைத்து, பின்னர் சட்டத்தரணியாகிச் சட்டசபைக்குச் சென்ற றோஜர் ஷேர்மன் என்றும் ஒரு வரியில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வன்னியின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. எனவே இவ்விதழின் கேள்வி பதில் பகுதியை முழுவதுமாக அவருக்கே ஒதுக்குகிறேன்.

மல்லாவியிலிருந்து ஓர் ஆசிரியை: கல்லூரிப் படிப்பு இல்லாத ஒருவர் சட்டத்தரணியானது எவ்வாறு? அந்த நான்கு ஆவணங்களும் எவை?

ஷேர்மன் 1721 ஏப்ரல் 19ஆம் திகதி மசாச்சுசெட்ஸ் குடியேற்றத்தின் நியூட்டன் என்ற ஊரில் பிறந்து, அருகிலிருந்த ஸ்டோட்டன் என்ற ஊரில் வளர்ந்தவர். தந்தையார் கமமும் செய்தார், சப்பாத்தும் தைத்தார். மகனுக்கும் அவ்விரண்டு தொழில்களுமே கைவந்தன. கிராமப் பள்ளியில் கற்ற சொற்பக் கல்விக்கு மேல் அவருக்குக் கிடைத்த பெரும் பேறு, ஹார்வர்டில் கற்றவரான சாமுவேல் டன்பார் என்ற ஊர்ப் போதகரின் துணையாகும். தோலைத் தைத்துக்கொண்டிருக்கும்போதே கண் ஒரு நொடி ஓய்ந்தால் அந்த நொடியில் ஒரு வரி படிக்கலாம் என்று, வேலைப் பலகையில் புத்தகத்தை விரித்து வைத்திருப்பாராம். அவரைப் பற்றிப் பேசுவோர் எல்லோரும் முதலில் சொல்லும் செய்தி இதுதான்.

1741இல் தந்தை இறந்தபோது ஷேர்மனுக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. தாயும் இளைய சகோதரர்களும் அவர் பொறுப்பில் வந்தனர். 1743இல் குடும்பம், மூத்த சகோதரர் ஏற்கெனவே குடியேறியிருந்த கனெக்டிகட்டின் நியூ மில்போர்ட்டுக்கு இடம்பெயர்ந்தது. சப்பாத்துத் தைக்கும் கருவிகளை முதுகில் கட்டிக்கொண்டு நூறு மைலுக்கு மேல் அவர் நடந்தே சென்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. சாமான்களைத் தோளிலும் தலையிலும் சுமந்து நடந்த அனுபவம் உள்ள நம்மவர்களுக்கு அக்கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அக்காலத்தில் அங்கே சட்டக் கல்லூரி என்று ஒன்று இருக்கவில்லை. சட்ட நூல்களைத் தானே படித்தோ, ஒரு வழக்கறிஞரிடம் பழகியோ நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறுவதே வழக்கம். அயலவர் ஒருவரின் காரியமாக ஷேர்மன் ஒரு சட்டத்தரணியிடம் போயிருந்தாராம். மறந்துவிடாதிருக்க விடயத்தை ஒரு தாளில் ஒழுங்காகக் குறித்துச் சென்றாராம். அந்தத் தாளை வாங்கிப் பார்த்த சட்டத்தரணி, இதைச் சிறிது மாற்றினால் மனுவாகவே கொடுத்துவிடலாமே, நீர் ஏன் சட்டம் படிக்கக் கூடாது என்று கேட்டாராம். கதை எவ்வளவு மெருகேறியிருந்தாலும், 1754இல் அவர் வழக்காடும் அனுமதி பெற்றார் என்பது உறுதியானது. அடுத்த ஆண்டிலேயே கனெக்டிகட் சட்டசபையில் அமர்ந்தார். 1761இல் நியூ ஹேவன் நகருக்குக் குடிபெயர்ந்தார். 1766இல் மேல் நீதிமன்ற நீதிபதியானார். யேல் கல்லூரியில் மாணவராக ஒருநாளும் இருந்திராத அவர், பல ஆண்டுகள் அதே கல்லூரியின் பொருளாளராக இருந்தார்.

அந்த நான்கு ஆவணங்களுள் முதலாவது, பிரித்தானியப் பொருட்களைப் புறக்கணிப்பதற்காகக் குடியேற்றங்கள் 1774இல் செய்துகொண்ட உடன்பாடு. அடுத்தது 1776ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனம். அதை வரைய நியமிக்கப்பட்ட ஐவர் குழுவில் ஜெபர்சன், அடம்ஸ், பிராங்ளின், லிவிங்ஸ்டன் ஆகியோருடன் ஷேர்மனும் இருந்தார். அதைத் தொடர்ந்து மாநிலங்களின் முதலாவது கூட்டிணைப்பு விதிகள் வந்தன. இறுதியாக, 1787 செப்டெம்பர் 17ஆம் திகதி பிலடெல்பியாவில் 39 பேர் ஒப்பமிட்ட அரசியலமைப்பு.

நம் நாட்டில் இன்று இந்த வழி திறந்திருக்கவில்லை என்பதைத் தங்கள் மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். சட்டக் கல்லூரியோ பல்கலைக்கழகச் சட்டப் பட்டமோ இல்லாமல் சட்டத்தரணியாக முடியாது. ஆனால் விடயத்தைக் கடதாசியில் தெளிவாக எழுதும் பழக்கத்துக்கு அனுமதிப் பரீட்சை எதுவும் இல்லை.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு கமக்காரர்: அவர் நில அளவையாளராகவும் இருந்தார் என்று கேள்விப்பட்டேன். அது உண்மையா?

உண்மைதான், ஐயா. தாங்கள் இதைக் கேட்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஏனெனில் ஷேர்மனைப் புரிந்துகொள்ளும் வாசல் இதுதான் என்று நான் நம்புகிறேன். நியூ மில்போர்ட்டுக்கு வந்து இரண்டு ஆண்டுகளில், 1745இல், அவர் நியூ ஹேவன் கவுண்டியின் நில அளவையாளராக நியமிக்கப்பட்டார். கணிதத்தைத் தாமாகவே கற்றிருந்தார். அதே கணித அறிவைக் கொண்டு சூரிய சந்திர நிலைகளைக் கணித்து, 1750 முதல் பல ஆண்டுகள் பஞ்சாங்கமும் வெளியிட்டார். அளவைத் தொழிலில் வந்த வருமானமே அவரைச் சொந்தமாகக் காணி வாங்கக்கூடியவராக ஆக்கியது.

அவர் பிடித்த சங்கிலி 66 அடி நீளமும் நூறு கண்ணிகளும் கொண்டது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஒரு சங்கிலி நான்கு பேர்ச் நீளம். நாம் இன்றும் உறுதியிலும் பெமிற்றிலும் எழுதும் ஏக்கர், றூட், பேர்ச் என்ற கணக்கு, ஆங்கிலேயர் கனெக்டிகட்டுக்குக் கொண்டுபோன அதே கணக்குத்தான்.

எல்லை என்பது என்ன என்று எனக்குப் புரிந்த ஒரு காலை நேரத்தை இங்கே சொல்ல வேண்டும். 2010இல் நாங்கள் மீளக் குடியமர்ந்தபோது எங்கள் காணியும் அயல் காணியும் ஒரே பற்றைக் காடாகக் கிடந்தன. வேலி இல்லை, கிணற்றுக்கட்டு இல்லை. அப்பாவின் பெமிற்றும் அதனுடன் இருந்த அளவைப் படமும் பொலித்தீன் பையில் சுற்றப்பட்டு எங்களுடன் எல்லா இடங்களுக்கும் வந்திருந்தன. மடிப்பு வழியே படம் நான்காகக் கிழிந்திருந்தது. அளக்க வந்தவர் அந்த நான்கு துண்டுகளையும் மோட்டார் சைக்கிள் இருக்கையில் பொருத்தி வைத்துப் பார்த்தார். வாய்க்கால் மதகிலிருந்து அளந்துகொண்டு வந்து, ஒரு பாலை மரத்தடியில் நின்று, இங்கே கிண்டுங்கள் என்றார். முழங்கை ஆழத்தில் எல்லைக்கல் இருந்தது. அதுவரை குரலை உயர்த்திக்கொண்டிருந்த அயல் காணிக்காரரும் நாங்களும் ஒன்றும் பேசாமல் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

நில அளவையாளர் யாருடைய பக்கமும் பேசுபவர் அல்லர். ஆனால் இரண்டு பக்கமும் ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒரு கோட்டை அவர் கண்டுபிடித்தாக வேண்டும். அந்தக் கோடு பெரிய காணிக்காரருக்கு ஒரு வசதி மட்டுமே. சிறிய காணிக்காரருக்கோ அதுதான் காணியே. ஷேர்மன் சட்டசபைகளில் செய்தவற்றை எல்லாம் இந்த எண்ணத்துடன் பார்த்தால் அவருடைய பிடிவாதத்தின் காரணம் விளங்கும்.

கிளிநொச்சியிலிருந்து ஓர் உயர்தர வகுப்பு மாணவன்: அரசியல் விஞ்ஞானப் பாடத்தில் கனெக்டிகட் இணக்கப்பாடு என்று படிக்கிறோம். அதில் இவருடைய பங்கு என்ன? அது நமக்கு எந்த வகையில் பொருந்தும்?

தம்பி, 1787 கோடையில் பிலடெல்பியாவில் கூடிய மாநாட்டை உடைத்துவிடக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: புதிய பாராளுமன்றத்தில் யாருக்கு எத்தனை இடம்? அதுவரை நடைமுறையிலிருந்த விதிகளின்படி பெரிய மாநிலமோ சிறிய மாநிலமோ ஒவ்வொன்றுக்கும் ஒரே வாக்கு. வெர்ஜீனியாவின் பிரதிநிதிகள் கொண்டுவந்த திட்டமோ இரு சபைகளிலும் அளவுக்கேற்பவே இடம் வேண்டும் என்றது. 1790ஆம் ஆண்டின் குடித்தொகை மதிப்பீட்டில் வெர்ஜீனியாவில் ஏறத்தாழ ஏழரை இலட்சம் பேரும் டெலவெயாரில் 59 ஆயிரம் பேரும் இருந்தார்கள் என்பதைப் பார்த்தால், சிறிய மாநிலங்களின் அச்சம் வெறும் கற்பனையன்று என்பது தெரியும்.

அப்போது ஷேர்மனுக்கு வயது 66. பிராங்ளினுக்கு அடுத்தபடியாக அச்சபையில் மூத்தவர் அவரே. பேச்சில் நயமில்லாதவர், கையசைவுகள் விறைப்பானவை, உடை மிக எளிமையானது என்று அவருடன் இருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவ்வாறு எழுதியவர்களே அவருடைய நேர்மையையும் தெளிவையும் வியந்திருக்கிறார்கள். ஜூன் 11ஆம் திகதி அவர் எழுந்து, முதலாவது சபையில் சுதந்திரக் குடிகளின் தொகைக்கேற்ப இடம் இருக்கட்டும், இரண்டாவது சபையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வாக்கு இருக்கட்டும் என்று முன்மொழிந்தார். அன்று இரண்டாவது பகுதி ஒரேயொரு வாக்கால், ஐந்துக்கு ஆறு என்று தோற்றது.

அந்த யோசனை அன்று காலையில் உதித்ததன்று. 1776இலேயே, கூட்டிணைப்பு விதிகளைப் பற்றிய விவாதத்தில், மாநிலங்களின் பெரும்பான்மை, தனி உறுப்பினர்களின் பெரும்பான்மை என இரண்டு வகையிலும் வாக்கெடுத்து, இரண்டிலும் வென்றால்தான் தீர்மானம் நிறைவேற வேண்டும் என்று அவர் கூறியிருந்ததை ஜோன் அடம்ஸின் குறிப்புகளில் காணலாம். பதினொரு ஆண்டுகள் அந்த எண்ணத்தை அவர் கைவிடவில்லை. ஜூலை 2ஆம் திகதி சபை சமவாக்கில் சிக்கி நின்றது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒருவர் வீதம் குழு அமைக்கப்பட்டது. ஜூலை 16ஆம் திகதி, மசாச்சுசெட்ஸ் தனக்குள்ளேயே பிளவுபட்டிருந்த நிலையில், ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் அந்த யோசனை நிறைவேறியது. நீங்கள் படிக்கும் கனெக்டிகட் இணக்கப்பாடு இதுதான். ஒரு மாநிலத்தின் வாக்கு மாறியிருந்தால் இன்றைய செனற் சபை இல்லை.

மாநாடு முடிய இரண்டு நாட்களே இருந்தபோது, செப்டெம்பர் 15ஆம் திகதி, அவர் மீண்டும் எழுந்தார். எதிர்காலத்தில் திருத்தம் என்ற பெயரில் பெரிய மாநிலங்கள் இந்தச் சமத்துவத்தைப் பறித்துவிடக் கூடாது என்றும், அதற்குச் சட்டத்திலேயே காவல் வேண்டும் என்றும் வாதிட்டார். அதன் விளைவாக, எந்த மாநிலத்தின் சம இடமும் அதன் சம்மதமின்றி அகற்றப்பட முடியாது என்ற வாசகம் ஐந்தாம் உறுப்புரையில் இடம்பெற்றது. எல்லைக்கல்லை நட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடாமல், அதை யாரும் இரவில் பிடுங்காதபடி பார்த்துக்கொண்டவர் அவர்.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். இலங்கையிலும் 1947 முதல் 1971 வரை 30 பேர் கொண்ட செனற் சபை இருந்தது; ஆனால் அதில் 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிந்தெடுத்தது, 15 பேரை மகாதேசாதிபதி நியமித்தார். எந்தப் பிரதேசத்துக்கும் அதில் உரித்தான இடம் இருக்கவில்லை; பெயரில் செனற் ஆயினும் ஷேர்மனின் செனற்றுக்கு அது உறவன்று. அவருடைய எண்ணத்துக்குக் கிட்டியது வேறிடத்தில் இருக்கிறது. சுதந்திரத்துக்குச் சற்று முன்னர் தொகுதிகள் பிரிக்கப்பட்டபோது, 75,000 பேருக்கு ஓர் இடம் என்பதுடன் 1,000 சதுர மைல் நிலப்பரப்புக்கும் ஓர் இடம் என்று சேர்க்கப்பட்டது. சனம் குறைந்து காடும் குளமும் நிறைந்த பிரதேசங்களின் குரல் முற்றாக அமுங்கிப்போகாதிருப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இன்றைய 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பிலும், மாவட்டங்களிலிருந்து தெரிவாகும் 196 உறுப்பினர்களில் 36 பேர், வாக்காளர் தொகையைப் பாராமல், மாகாணத்துக்கு நால்வர் வீதம் ஒதுக்கப்படுகிறார்கள். மேல் மாகாணத்துக்கும் நால்வர், வட மாகாணத்துக்கும் நால்வர். வன்னித் தேர்தல் மாவட்டத்தின் இடங்களை எண்ணும்போது இந்தக் கணக்கையும் நினைவில் வைத்திருங்கள்.

வேறுபாடு ஒன்று உண்டு. பரீட்சையில் அதைத் தெளிவாக எழுதுங்கள். இங்கே அந்த 36 பேரும் ஏனையவர்களுடன் ஒரே சபையில் கலந்துவிடுகிறார்கள். பிரதேசங்கள் தனியாக வாக்களித்து எதையும் தடுக்க முடியாது. ஷேர்மன் கேட்டது தனியான சபை, தனியான வாக்கு. கூடுதலாகச் சில ஆசனங்கள் கிடைப்பதற்கும், நம் சம்மதமின்றி ஒரு சட்டம் நிறைவேறாது என்பதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது.

வவுனியாவிலிருந்து ஒரு வாசகர்: மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்த நாட்டின் சட்டத்தை எழுதியவரை நாம் ஏன் புகழ வேண்டும்?

நியாயமான கோபம். இதை மறைத்து அவரைப் பற்றி எழுதுவது பிழை. 1787 ஓகஸ்ட் 22ஆம் திகதி, அடிமை வணிகத்தைத் தாம் வெறுப்பதாகக் கூறிய ஷேர்மன், அதே மூச்சில், மாநிலங்களுக்கு அந்த உரிமை இப்போது இருப்பதால் அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது என்றும், புதிய அமைப்புக்கு எழக்கூடிய எதிர்ப்புகளைக் குறைக்க வேண்டும் என்றும் சொன்னார். தென் மாநிலங்கள் பிரிந்து போவதைவிட, அவை அடிமைகளை இறக்குமதி செய்ய விடுவதே மேல் என்று எண்ணினார். அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கைத் தொகைக் கணக்கில் சேர்க்கும் ஏற்பாட்டையும் ஏற்றுக்கொண்டார். அந்தச் சபையில் எல்லோருக்கும் ஒரு பேரம் இருந்தது. பேசப்பட்ட மனிதர்களுக்கு மட்டும் இருக்கை இருக்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கோடு தேடுபவர், மூன்றாவது பக்கம் ஒன்று அந்த இடத்திலேயே இல்லாதிருப்பதைக் காணத் தவறினார். இதை நான் அவருடைய மிகப் பெரிய குற்றமாகவே கருதுகிறேன்.

மறுபக்கத்தையும் சொல்வது நீதி. சுதந்திரப் போருக்குப் பின் கனெக்டிகட்டின் சட்டங்கள் முழுவதையும் திருத்தித் தொகுக்கும் பணி ஷேர்மனிடமும் ரிச்சர்ட் லோ என்பவரிடமும் ஒப்படைக்கப்பட்டது. 1784இல் நிறைவேறிய அத்தொகுப்பில், அவ்வாண்டு மார்ச் 1ஆம் திகதிக்குப் பின் பிறக்கும் கறுப்பினப் பிள்ளைகள் 25 வயதில் விடுதலை பெறுவர் என்ற விதி இருந்தது. இருபத்தைந்து ஆண்டு காத்திருக்கச் சொல்லும் விடுதலையை என்னால் கொண்டாட முடியவில்லை. ஆயினும் அது விடுதலைச் சட்டமே. 1789இல் புதிய காங்கிரஸில், இறக்குமதியாகும் அடிமைகளுக்கு வரி விதிக்கும் யோசனை வந்தபோது, பண்டங்களின் பட்டியலில் மனிதர்களையும் ஒரு பொருளாகச் சேர்க்கத் தம் மனம் ஒப்பவில்லை என்று அவர் எழுந்து கூறினார்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு கடைக்காரர்: அவர் கடையும் வைத்திருந்தாராமே?

வைத்திருந்தார். சகோதரருடன் சேர்ந்து நியூ மில்போர்ட்டில் நடத்திய கடையில் கடன் கொடுத்துவிட்டு, மதிப்பு இறங்கிப்போன அயல் குடியேற்றத்துக் காகிதப் பணத்தைத் திருப்பி வாங்க வேண்டிய நிலை வந்தது. அந்த அநீதியைப் பற்றி 1752இல் புனைபெயரில் ஒரு சிறு நூலே எழுதினார். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, மாநிலங்கள் காகிதப் பணம் வெளியிடக் கூடாது என்ற தடையை அரசியலமைப்பில் சேர்க்கக் கோரியவர்களில் அவரும் ஒருவர். கொப்பியில் எழுதிய கடன், திரும்பி வரும்போது பாதிப் பெறுமதிகூட இல்லாதிருப்பதன் வலி 2022க்குப் பின் தங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மாங்குளத்திலிருந்து ஓர் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்: அமெரிக்க அரசியலமைப்பில் திருத்தங்கள் உள்ளே புகுத்தப்படாமல் கடைசியில் தனியாக இலக்கமிட்டு இருப்பது ஏன்?

அதற்கும் காரணம் ஷேர்மனே. 1789இல் உரிமைகள் பற்றிய திருத்தங்களைக் கொண்டுவந்த ஜேம்ஸ் மடிசன், அவற்றை மூல வாசகத்தினுள் அந்தந்த இடங்களில் செருகவே விரும்பினார். ஷேர்மன் மறுத்தார். மூல ஆவணம் மக்கள் நிறைவேற்றியது. திருத்தம் பின்னர் வந்தது. இரண்டையும் கலந்தால் எது எவருடைய கை என்று தெரியாமற்போகும் என்பது அவருடைய வாதம். முதலில் தோற்றார், ஓகஸ்ட் 19ஆம் திகதி சபை அவர் பக்கம் வந்தது. தாங்கள் அலுவலகத்தில் எத்தனை கோவைகளைப் பார்த்திருப்பீர்கள்! பழைய உறுதியைச் சுரண்டி அழித்து யாரும் புதிய பெயர் எழுதுவதில்லை. நொத்தாரிசு புதிய உறுதி முடித்து, பழையதன் இலக்கத்தை அதில் குறிக்கிறார். அந்த ஒழுங்குதான் இது. முதலாம் திருத்தம், ஐந்தாம் திருத்தம் என்று உலகமே இன்று இலக்கம் சொல்லிப் பேசுவது அதனால்தான்.

இடையில் ஒன்று. உரிமைப் பட்டியல் தேவையில்லை என்றே ஷேர்மன் முதலில் நினைத்தார். பொதுமக்களிடமும் அவருக்கு முழு நம்பிக்கை இருக்கவில்லை. அவர்கள் எளிதில் தவறாக வழிநடத்தப்படுவார்கள் என்றும், பிரதிநிதிகளை மாநிலச் சட்டசபைகளே தெரிய வேண்டும் என்றும் 1787இல் வாதிட்டார். அந்த வாதத்தில் அவர் தோற்றது நல்லதாயிற்று.

மன்னாரிலிருந்து ஒரு வாசகி: அவருடைய குடும்பத்தைப் பற்றியும் கடைசிக் காலத்தைப் பற்றியும் எழுதுவீர்களா? அவருக்கும் இலங்கைக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா?

முதல் மனைவி எலிசபெத் ஹார்ட்வெல் 1760இல் இறந்தார். 1763இல் ரெபெக்கா பிரெஸ்கொட்டை மணந்தார். இரு மனைவியர் வழியாகவும் அவருக்குப் பிறந்த பிள்ளைகள் பதினைவர். 1784 முதல் இறக்கும் வரை நியூ ஹேவன் நகரின் மேயராக இருந்தபடியே முதலில் பிரதிநிதிகள் சபையிலும், 1791 முதல் தாம் வாதாடிப் பெற்ற செனற் சபையிலும் அமர்ந்தார். 1793 ஜூலை 23ஆம் திகதி நெருப்புக் காய்ச்சலால், பதவியிலிருக்கும்போதே, தம் வீட்டில் காலமானார்.

இலங்கைக்கு அவர் வந்ததில்லை. ஆனால் அவருடைய மகள் மெஹிற்றபெல்லை மணந்தவர் ஜெரமையா எவார்ட்ஸ் என்ற சட்டத்தரணி. அமெரிக்காவிலிருந்து வெளிநாடுகளுக்குப் போதகர்களை அனுப்பிய சபையின் பொருளாளராகவும், பின்னர் செயலாளராகவும் இருந்தவர் அவரே. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து தெல்லிப்பழையில் பணி தொடங்கியவர்களையும், 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கியவர்களையும் அனுப்பிச் செலவு கொடுத்தது அந்தச் சபைதான். தங்கள் குடும்பத்தில் யாராவது வட்டுக்கோட்டையிலோ உடுவிலிலோ படித்திருந்தால், அந்தப் பள்ளிகளின் தொடக்க காலக் கணக்கு, ஸ்டோட்டன் ஊரில் சப்பாத்துத் தைத்தவரின் மருமகன் கைவழியே சென்றிருக்கிறது.